மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு சவரக்கத்தியும்

என் வீட்டுக்காரர் கழுத்தில் என் அண்ணனும், என் அண்ணன் கழுத்தில் என் வீட்டுக்காரரும் கத்தி வைக்காத சனிக்கிழமையே கிடையாது. சண்டை இல்லை, சவரம். ஆம்பூரில் எங்கள் தெரு ஆண்கள் அப்படித்தான் முகம் மழித்துக்கொண்டார்கள். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, முதலில் இவன் அவனுக்கு, பிறகு அவன் இவனுக்கு.

ஏன் என்று கேட்பீர்கள். ஊர் நாவிதர் எங்கள் தெருப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார். கடைத்தெருவில் நாற்காலி போட்டு நடத்திய சவரக் கடையிலும் எங்கள் ஆட்களை உட்காரவிட மாட்டார்கள். தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் வேலை செய்கிற முகத்தைத் தொட்டால் தீட்டாம். அவர்கள் கத்தி தீட்டுகிற வார் மட்டும் எங்கள் ஆட்கள் குழியில் நின்று பதம் செய்த தோல்தான், அதற்குத் தீட்டு இல்லை! இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கத்தி. அது அண்ணனுடையது. எங்கள் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு துரை பங்களாவில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். துரை சீமைக்குக் கப்பல் ஏறியபோது பெட்டியில் அடங்காத சாமான்களை வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குக் கிடைத்தது மாட்டுக்கொம்புப் பிடி போட்ட மடக்குச் சவரக்கத்தி. அப்பா செத்தபோது அவர் விட்டுப்போன ஆஸ்தி இரண்டு. ஒன்று அந்தக் கத்தி, இன்னொன்று நான். இரண்டையும் அண்ணன்தான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டான். எனக்குக் கல்யாணம் செய்துவைக்கும் வரை தனக்கு என்று ஒரு பெண் பார்க்கவில்லை. செய்துவைத்த பிறகும் ‘பாக்கலாம், பாக்கலாம்’ என்றே நாளைக் கடத்தினான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அறையில் இருந்தான். சாப்பாடு மட்டும் இரண்டு வேளையும் என் கையால்.

சனிக்கிழமை சாயங்காலம் தோல் ஷாப் மணி அடித்ததும் இருவரும் பாலாற்று ஊற்றில் குளித்துவிட்டு வருவார்கள். முற்றத்தில் துணி துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. அதுதான் நாற்காலி. தனக்குத் தானே மழித்துக்கொள்ள முடியாதா என்றால், எங்களிடம் இருந்த கண்ணாடி உள்ளங்கை அகலம். மூக்கு தெரிந்தால் தாடை தெரியாது. அந்தக் கத்தியோ அசந்தால் காதைக் கொண்டுபோய்விடும்.

அண்ணன் அதிகம் பேசமாட்டான். கத்தி விஷயத்தில் மட்டும் சட்டம் பேசுவான். விரிந்த கத்தி ஒருவன் கையில் இருக்கும்போது குறுக்கே கோழி கூடப் போகக்கூடாது. கை மாற்றுவதென்றால் மடித்துத்தான் மாற்ற வேண்டும். விளக்கு வைத்த பிறகு எடுக்கவே கூடாது. கை நழுவினால் தாவிப் பிடிக்கக்கூடாது, காலை இழுத்துக்கொண்டு விழட்டும் என்று விட்டுவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ஒருமுறை தாவிப் பிடிக்கப் போய்த் தெருவே அதிரும்படி ஏச்சு வாங்கினார்.

“கத்தி போனா வேற கத்தி வாங்கலாம் மாப்ள. வெரல் போனா எவன்யா வேலை குடுப்பான்?”

மழிக்கிறவன் எதையும் பேசலாம், உட்கார்ந்திருக்கிறவன் வாய் திறக்கக்கூடாது என்பதும் அவன் வைத்த சட்டம்தான். பேசினால் தாடை ஆடும், தாடை ஆடினால் ரத்தம். இந்தச் சட்டத்தால் லாபம் அடைந்தவர் என் வீட்டுக்காரர். அவர் வாய்க்கு வேறு எங்கே இப்படி ஓர் ஆள் கிடைக்கும்! சோப்பு நுரை குழைக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். மேஸ்திரி வாங்கிய புது சைக்கிள், வாணியம்பாடிச் சந்தையில் பார்த்த சேவல், யார் வீட்டில் யாருக்குச் சண்டை, எல்லாம் வரும். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். அவன் முறை வந்து மழிக்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டான், என் வீட்டுக்காரர் கத்திக்குக் கீழேயே தூங்கிப் போவார். கழுத்து நரம்பில் சீமைக் கத்தி ஓடுகிறது, மனுஷன் குறட்டை விடுகிறார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன்.

என் மகன் பிறந்த வருஷம் அது. அண்ணனின் வார் வெடித்துப்போயிருந்தது. கத்தி தீட்டுகிற அந்தத் தோல் பட்டையும் அப்பா காலத்தது. புதிதாக ஒன்று கொடுத்து மச்சானை அசத்த வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஆசை. எங்கள் ஊரில் தோலுக்கா பஞ்சம்? பட்டைத் தொட்டி மேஸ்திரியைத் தாஜா செய்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிக் கடுக்காய்த் தண்ணீரில் முங்கி எழுந்த மஞ்சள் தோலில் முழ நீளத்துக்கு ஒரு துண்டு வாங்கி வந்தார். உள்ளுக்குள் ஈரம் இன்னும் இருந்தது. காயும் வரை பொறுக்க முடியவில்லை அவருக்கு. அந்தச் சனிக்கிழமை சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்தும் துடைக்காமலும் அந்தத் தோலில் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றி, நூல் கட்டி, மாடத்தில் வைத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை மச்சான் பிரித்துப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டுமாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோல் ஷாப்பில் சுண்ணாம்புப் பக்கம் வேறு உலகம், பட்டைப் பக்கம் வேறு உலகம். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புப் பக்கத்து ஆள். குழியிலிருந்து எடுத்த தோலை மரத்தில் போட்டு, இரண்டு கையாலும் பிடிக்கிற பெரிய கத்தியால் ஜவ்வு வழிப்பார். அங்கே இரும்பு எங்கே பட்டாலும் பாதகமில்லை. அண்ணன் பட்டைத் தொட்டி ஆள். கடுக்காய் ஏறிய தோலில் ஈர இரும்பு பட்டால் இரண்டும் மசியாகக் கறுத்துப்போகும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், இரும்பு வாளியைக் கூட அண்டவிட மாட்டார்கள். என் வீட்டுக்காரர் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ரகசியம் போய்விடுமே!

அடுத்த சனிக்கிழமை அவர் பல்லெல்லாம் தெரியப் பொட்டலத்தை நீட்டினார். அண்ணன் நூலைப் பிரித்தான். தோல் கரிச்சட்டி அடியாக இருந்தது. கத்தியை விரித்தான். அலகு முழுக்கக் கறுப்பு. விரலால் துடைத்தால் விரலும் கறுப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது கத்தி வாயில் பொடிப் பொடியாக அரித்திருந்தது எனக்கே தெரிந்தது.

“எங்க அப்பன் இது ஒண்ணுதான் வுட்டுட்டுப் போனாரு” என்றான் அண்ணன், மெல்ல.

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் ‘தப்பாப் போச்சு மச்சான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவருக்கு வெலவெலத்துப் போனால் சிரிப்பு வரும். பாழாய்ப்போன சிரிப்பு! சிரித்துக்கொண்டே, “இன்னா மச்சான், ஒரு கத்திக்குப் போயி இம்மாம் பேஜார் ஆவுற?” என்றார்.

“ஒரு கத்தியா? சரி. நீயே வெச்சிக்க.”

கத்தியை மடித்துக் கல் மேல் வைத்துவிட்டு அண்ணன் போய்விட்டான்.

அன்று முதல் அவன் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. நான் தட்டில் சோறு போட்டு மூடிக் கொண்டுபோய் வைப்பேன். மூடியது மூடியபடியே வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும். தனக்குத் தானே கஞ்சி காய்ச்சிக்கொண்டான். நானும் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். “உம் மேல எனக்கு இன்னாம்மா கோவம்? போ, புள்ள அழுவுது பாரு” என்பான். என் மேல் கோபம் இல்லையாம், என் சோற்றின் மேல் மட்டும் கோபமாம்!

இரண்டு பேருக்கும் தாடி வளர்ந்தது. தெருவில் மற்றவர்கள் கூப்பிட்டார்கள், “வாப்பா, நான் எடுத்து வுடுறேன்” என்று. இவரும் போகவில்லை, அவனும் போகவில்லை. தோல் ஷாப்பில் ஒரு பெரியவர் சாயபு, “தாடி சோக்கா வருதுப்பா, எடுத்துடாத” என்று அண்ணனை மெச்சினாராம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வாய் அடைத்துப்போயிற்று. சாயங்காலம் வந்ததும் வழுவழுப்பான தீட்டுக்கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய், கத்தியைப் படுக்கப் போட்டு ஒரு இழுப்பு, திருப்பிப் போட்டு ஒரு இழுப்பு. அழுத்த மாட்டார். ஜவ்வு வழிக்கிற கை அது, மெல்லப் பிடிக்கக் கற்றுக்கொள்ள அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நன்றாகக் காய்ந்த வேறொரு தோலில் வார் அறுத்து எண்ணெய் தடவித் தொங்கவிட்டார். வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னே வர வேண்டும். மறந்து மாற்றி இழுத்துவிட்டு வாரை வெட்டிக்கொண்டு, மறுபடி புது வார். பதம் பார்க்கத் தன் இடது கை ரோமத்தைத்தான் மழித்துப் பார்ப்பார். முகத்தில் கரடி மாதிரி தாடி, இடது கை மட்டும் மொழுமொழுவென்று குழந்தை கை. கறுப்பு போயிற்று. அரிப்பும் தேய்ந்து மறைந்தது. கத்தி ஒரு நூல் அகலம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குள் கோலாரிலிருந்து எங்கள் தூரத்து உறவுக்காரர் ஒருவர் லீவில் வந்தார். தங்கச் சுரங்கத்தில் வேலை. முன்பே பலமுறை அண்ணனைக் கூப்பிட்டவர்தான், அண்ணன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். இந்த முறை, “வர்றேன்” என்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகனுக்கு ஞானஸ்நானம். அண்ணன்தான் ஞானத்தகப்பன், பிள்ளை பிறந்த அன்றே பேசி வைத்தது. அதை முடித்துவிட்டு அன்றைக்கே சாயங்கால ரயில்.

எனக்கு உயிரே போய்விட்டது. பூமிக்குள்ளே இறங்குகிற வேலை. அங்கே போய்வந்தவர்கள் இருமுவதைக் கேட்டிருக்கிறேன். பாறை சரிந்து அங்கேயே புதைந்துபோனவர்களின் வீடுகளும் எங்கள் தெருவில் இருந்தன. எனக்கு அப்பா அம்மா எல்லாம் அவன்தான். கோபித்துக்கொண்டு போகிறவன் திரும்பி வருவானா? என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். “போய்க் கால்ல வுழுங்க, இன்னா பண்ணுவீங்களோ, எங்க அண்ணன் போவக்கூடாது” என்றேன்.

அவர் கத்தியை வாரில் இழுத்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் நானே அண்ணனிடம் போனேன். “நாளைக்குக் கோயில்ல இந்தத் தாடியோடதான் எம் புள்ளயத் தூக்கப் போறியாண்ணா? புள்ள பயந்துடும்” என்றேன். தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தான். “சரி, வர்றேன்” என்றான். பிள்ளைக்காக வந்தான். வெயில் சாயும் நேரத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் வந்து கல்லில் உட்கார்ந்தான். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் கத்தியை மடித்தபடி நீட்டினார். அண்ணன் வாங்கி விரித்துப் பார்த்தான். அலகில் அவன் முகம் தெரிந்தது. கட்டைவிரலைக் குறுக்காக வைத்துப் பதம் பார்த்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான். பாராட்டு ஒன்றும் இல்லை.

தாடி நீளமாக இருந்ததால் முதலில் வலது பக்கத்தைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினார். பிறகு சுடுதண்ணீர்த் துணி, நுரை. தோலை இழுத்துப் பிடித்து வலது கன்னத்தில் கத்தியைப் படுக்கையாக இறக்கினார். சரசரவென்று சுத்தமாக வந்தது. கத்தி இறங்கியதும் அவர் வாயும் திறந்துகொண்டது. அவ்வளவு நாள் அடைத்து வைத்திருந்த வாயல்லவா!

“மச்சான், எனக்குக் கடுக்காயும் தெரியாது, கருமமும் தெரியாது. உனக்குக் குடுக்கணும்னு ஆசப்பட்டேன். அறிவு கெட்டுப் போய்ப் பண்ணிட்டேன். சிரிச்சது அத வுடத் தப்பு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ இல்லாம இந்த வூட்ல சோறு எறங்கலய்யா. உந் தங்கச்சி மூஞ்சப் பாக்க முடியல.”

அண்ணன் கண்ணை மூடியபடி இருந்தான். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் முடிந்து, மோவாய் வரை வந்தது. அப்போது என் வீட்டுக்காரர் நிறுத்தினார். கத்தியைத் துடைத்தார், மடித்தார், இடுப்பில் செருகிக்கொண்டார்.

“கோலாருக்குப் போவலன்னு சொல்லு மச்சான். அந்தப் பக்கம் எடுக்கிறேன்.”

அண்ணன் கண்ணைத் திறந்தான். இடது பக்கம் நுரை, வலது பக்கம் பளபளவென்று கன்னம். என்ன ஆகப்போகிறதோ என்று நான் கர்த்தரைக் கூப்பிட்டேன். அவன் எழுந்தான். துண்டால் நுரையைத் துடைத்தான். அரை முகத்துத் தாடியோடு தெருவழியே நடந்து போய்விட்டான்.

“இன்னாங்க பண்ணி வெச்சீங்க!” என்று நான் அலறினேன்.

“சிரிப்பாருன்னு நெனச்சேன்” என்றார் அவர். முகம் செத்துப்போயிருந்தது.

தெருவில் யாராவது மீதியை எடுத்துவிடுவார்கள், அதோடு அண்ணன் என் வாசலை மிதிக்க மாட்டான், கோயிலுக்கும் வரமாட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். கூப்பிட்டார்களாம், நாலைந்து பேர். யாரிடமும் அவன் உட்காரவில்லை என்று மறுநாள்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி இரண்டாம் தரம் அடிக்கிற வரை ஞானத்தகப்பன் இடம் காலியாகத்தான் இருந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஆரம்பித்ததும் வந்தான். வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, எண்ணெய் போட்டு வாரிய தலை, அரை முகத்தில் தாடி! பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் எல்லாம் வாய்க்குப் போயின. ஆண்கள் பக்கத்தில் இருமல் கிளம்பியது. பாதிரியார் ஒரு கணம் புத்தகத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டார். அண்ணன் யாரையும் கண்டுகொள்ளாமல் நேராக நடந்து வந்து என் கையிலிருந்து பிள்ளையை வாங்கினான். பாதிரியார் கேட்டதற்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னான். தலையில் தண்ணீர் பட்டதும் என் மகன் வீறிட்டு, கைக்கு அகப்பட்ட பக்கத்துத் தாடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். பாதிரியாரே சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றார்.

வீட்டுக்கு வந்தோம். வந்தவர்களுக்குச் சோறு போட்டேன். அண்ணன் அவன் அறையில் மூட்டை கட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. வெயில் சாய்ந்ததும் கோலார்க்காரர் பெட்டியோடு முற்றத்தில் வந்து நின்றார்.

“இன்னாப்பா, டைம் ஆவுது. வண்டியப் புடிக்க வேணாமா?”

அண்ணன் மூட்டையோடு வெளியே வந்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணைப் பிடித்து நின்றேன். அவன் எங்கள் முற்றத்துக்குள் வந்தான். மூட்டையை என் காலடியில் வைத்தான். கல்லில் போய் உட்கார்ந்து, தாடி இருக்கிற கன்னத்தை என் வீட்டுக்காரர் பக்கம் திருப்பிக் காட்டினான்.

“நீ போப்பா” என்றான் கோலார்க்காரரிடம். “இந்த மூஞ்சோட வண்டியில ஏறுனா டிக்கெட் பாக்குறவரு ரெண்டு டிக்கெட் கேப்பாரு.”

கோலார்க்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்தார். கை வெடவெடவென்று ஆடியது. அண்ணன் அதைப் பார்த்தான்.

“கை நடுங்குது மாப்ள. மொதல்ல உக்காந்து தண்ணி குடி. நான் எங்கயும் போவல.”

அவர் கல்லின் ஓரத்திலேயே உட்கார்ந்து, செம்புத் தண்ணீரைக் குடித்து, குடிக்கும்போதே அழுதார். அண்ணன் துண்டை எடுத்து அவர் மேல் போட்டான். நான் பிள்ளையைக் கோலார்க்காரர் கையில் திணித்துவிட்டு, கீழே உட்கார்ந்து அண்ணன் மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தேன்.